வெயில் கொளுத்தும்போது நத்தைகள் ஏன் கம்பத்தில் ஏறிக் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொள்கின்றன?

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் உள்ள அடிலெய்டுக்குக் குடிபோன ஒருவர் கேட்டது இது. ஜனவரி மாதம், வெயில் நாற்பதைத் தாண்டிய ஒரு நாள், யார்க் தீபகற்பம் பக்கம் காரில் போயிருக்கிறார். சாலையோர வேலிக் கம்பங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடக்கிறதே என்று இறங்கிப் பார்த்தால் அத்தனையும் நத்தை. காய்ந்த செடிகளின் தண்டிலும் அதே கூட்டம். “நத்தை ஈரத்தில் வாழ்கிற பிராணி. வெயில் தாங்காவிட்டால் நிழலைத் தேடி அல்லவா போகவேண்டும்? மொட்டை வெயிலில் கம்பத்தில் ஏறி ஏன் உட்கார்ந்திருக்கிறது? எல்லாம் ஏன் ஒரே கம்பத்தில்? உயிரோடுதான் இருக்கின்றனவா? எங்கள் தோட்டத்துக்கும் வந்துவிட்டன, பெயர்த்துப் போட்டால் செத்துவிடுமா?” இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், அவை சூரியனிடமிருந்து ஓடவில்லை, தரையிடமிருந்து ஓடுகின்றன. உயிரோடுதான் இருக்கின்றன, தூங்குகின்றன. ஒரே கம்பத்தில் கூடுவதற்குக் காரணம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இவை எந்த நத்தைகள் என்று பார்த்துவிடலாம். தென் ஆஸ்திரேலியாவில் பயிருக்குத் தொல்லையாக இருப்பவை நான்கு வகை. இரண்டு உருண்டை: தேபா பிசானா, செர்னுவெல்லா விர்கேட்டா. இரண்டு கூம்பு: கோக்லிசெல்லா அக்யூட்டா, கோக்லிசெல்லா பார்பரா. உருண்டை வகைகள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அகலம். கூம்பு வகைகளில் நீளமானதுகூட இரண்டு சென்டிமீட்டரைத் தொடுவது அரிது. நான்குமே அந்த மண்ணுக்கு அந்நியம். மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து கப்பல் சரக்கோடு போய்ச் சேர்ந்தவை. கோடையில் மழையே இல்லாமல் குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்கிற ஊர்கள் அவற்றின் சொந்த ஊர்கள். தென் ஆஸ்திரேலியாவின் பருவமும் அப்படியேதான், மாதங்கள்தான் தலைகீழ். அதனால் சிசிலியிலும் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் தென் பிரான்சிலும் ஜூலையில் செய்வதை இங்கே ஜனவரியில் செய்கின்றன. அங்கே சாலையோரத்தில் காட்டுப் பெருஞ்சீரகச் செடி ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும். கோடையில் அதன் தண்டே தெரியாத அளவுக்கு நத்தை மூடியிருக்கும்.

இனி தரைக்கு வருவோம். 41 டிகிரி என்று வானிலை அறிக்கையில் சொல்கிறார்களே, அது ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் கணக்கு. அதே நேரத்தில் வெட்டவெளி மண்ணின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். நடுப்பகலில் கோயில் பிராகாரத்தின் கல்தளத்தில் வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கால் வேகும், முகத்தில் படுகிற காற்றோ தாங்கக்கூடியதாகவே இருக்கும். காலுக்கும் முகத்துக்கும் நடுவில் இருபது டிகிரி வித்தியாசம், அந்த வித்தியாசத்தின் பெரும்பங்கு தரையை ஒட்டிய முதல் சில அங்குலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

காரணம் எளிது. வெயில் காற்றை நேரடியாக அதிகம் சூடாக்குவதில்லை. மண்ணைச் சூடாக்குகிறது, மண் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. தரையை உரசியபடி இருக்கும் மெல்லிய காற்றுப் படலம் உராய்வினால் நகராமல் கிடக்கும், அதனால் சூடு அதற்குள்ளேயே தேங்கும். அந்தப் படலத்தைத் தாண்டி மேலே போனால் காற்று வீசுகிறது, சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு சென்டிமீட்டர் நத்தை தரையில் கிடந்தால் முழு உடம்பும் அந்தத் தேங்கிய சூட்டுக்குள் முங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அரை மீட்டர் ஏறிவிட்டால் அது வேறு உலகம்.

“சரி, ஆனால் கம்பத்திலும் வெயில் அடிக்கிறதே?” என்று கேட்பீர்கள். அடிக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி நடுப்பகலில் அடிலெய்டில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல், தொடுவானத்திலிருந்து 75 டிகிரி உயரத்தில் நிற்கும். படுத்துக்கிடக்கும் தரையில் அதன் வெளிச்சம் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுகிறது. செங்குத்தாக நிற்கும் கம்பத்தின் பக்கவாட்டிலோ சாய்வாக வழுக்கிக்கொண்டு போகிறது, அதே பரப்புக்குக் கிடைப்பது முழு வெயிலில் கால் பங்குதான். காலையிலும் மாலையிலும் கம்பத்தின் பக்கவாட்டில் வெயில் நேராக அடிக்கும், ஆனால் அப்போது காற்றும் மண்ணும் அவ்வளவு கொதிப்பதில்லை. போதாததற்குக் கம்பத்தைச் சுற்றி நாலாபுறமும் காற்று. ஆக, பார்ப்பவர் கண்ணுக்கு மொட்டை வெயில் மாதிரி தெரிகிற இடம் நத்தைக்கு அந்த வட்டாரத்திலேயே குளிர்ச்சியான இடமாக இருக்கலாம்.

நிழல் தரும் அடர்ந்த புதரோ பெரிய கல்லோ இருக்கிற இடத்தில் நத்தைகள் அதையும் விடுவதில்லை. கூம்பு வகைகள், குறிப்பாகச் சின்னது, கல்லுக்கு அடியிலும் அரிதாளின் தூரிலும் புகுந்துகொள்வது வழக்கம். ஆனால் உழுத வயலும் மணல்மேடும் புல்வெளியுமான ஊரில் கல்லுக்கு எங்கே போவது? கோடை மண் இறுகிக் கிடக்கும், இவற்றின் மென்மையான பாதத்தால் அதைத் தோண்ட முடியாது. கீழே போக வழியில்லை, மேலே போகக் கம்பம் இருக்கிறது.

ஏறுகிற நேரமும் கவனிக்க வேண்டியது. பகலில் நத்தைகள் பொதுவாக ஏறுவதில்லை. பெரும்பாலும் இரவிலும் விடிகாலைப் பனியிலும்தான் நடமாட்டம். வசந்தத்தின் கடைசியில் மண் காயத் தொடங்கும்போதே, ஒவ்வொரு இரவும் இரை தேடிவிட்டு விடிவதற்குள் ஏதாவது ஒன்றில் ஏறி ஒட்டிக்கொள்ளும். ஈரமான இரவு வந்தால் இறங்கும், வராவிட்டால் அப்படியே இருந்துவிடும். வறட்சி நீள நீள, ஒரு பகல் ஓய்வாகத் தொடங்கியது பல மாதத் தூக்கமாக மாறிவிடும். கோடை உறக்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

அந்தத் தூக்கத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்பது சுவாரசியம். கம்பத்திலிருந்து ஒரு நத்தையை மெதுவாகத் திருகி எடுத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று மெல்லிய சத்தத்தோடு விடுபடும். ஓட்டின் வாய் இருந்த இடத்தில் கம்பத்தின்மேல் காய்ந்த பசைபோல ஒரு வளையம் இருக்கும். ஓட்டைத் திருப்பினால் வாயின் குறுக்கே செல்லோபேன் தாள்போலப் பளபளக்கும் ஒரு சவ்வு. சில சமயம் அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் உள்ளே மூன்றாவது ஒன்றுகூட இருக்கும். நத்தை உள்ளே சுருங்கச் சுருங்க, முன்னால் போட்டதை விட்டுவிட்டுப் பின்வாங்கிப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்கிறது. எல்லாம் அதன் சளிதான், காய்ந்து இறுகியது. நம் குளத்து நத்தைக்கு வாயை அடைக்க நிரந்தரமான மூடி ஒன்று கூடவே பிறந்திருக்கிறது. இந்தத் தரை நத்தைகளுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு முறையும் சொந்தச் சளியில் கதவு செய்துகொள்ள வேண்டும்.

கதவு மட்டும் போதாது. ஓட்டின் வாயை ஒட்டியிருக்கும் சதைமடிப்பு, தூங்கும் நத்தையில், தண்ணீரை ஆவியாக விடாமல் தானே தடுத்துக்கொள்ளும். அந்தச் சதை செத்துப்போனால் அதே ஓட்டிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறிவிடும், அதாவது உயிருள்ள தோலே அணையாக வேலை செய்கிறது. மூச்சுத் துளையை எப்போதாவது திறந்து மூடும். இதயத் துடிப்பு மந்தமாகும். உடம்பு எரிக்கும் சக்தி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சிறுநீராகத் தண்ணீரை இழக்கக்கூடாது என்பதால் கழிவை யூரிக் அமிலமாக, கெட்டியாக, சிறுநீரகத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சூட்டில் உடல் புரதங்கள் குலைந்துபோகாமல் காக்கும் காவல் புரதங்களையும் செல்கள் தயார்செய்து வைத்திருக்கும்.

இப்படி எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்த ஒரு கதை உண்டு. எகிப்திலிருந்து வந்த பாலைவன நத்தை ஒன்றைச் செத்த ஓடு என்று நினைத்து 1846 மார்ச்சில் அட்டையில் பசைபோட்டு ஒட்டிக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். 1850 மார்ச்சில் யாரோ அட்டையில் ஏதோ கறை படிந்திருப்பதைக் கவனித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்கள். நத்தை வெளியே வந்து நடந்தது. நான்கு வருடம் சோறில்லை, தண்ணீரில்லை, போதாக்குறைக்குப் பெயர்ச்சீட்டு வேறு. வேலிக் கம்பத்து நத்தைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அவை தாண்ட வேண்டியது ஒரு கோடையைத்தான்.

அந்தப் பாலைவன நத்தைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘தரை சுடும், அதனால் ஏறுகிறது’ என்ற விளக்கத்துக்கு நேர் எதிராக நிற்பதுபோல் தோன்றுகிற ஒரு பிராணி அதில் இருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஸ்ஃபிங்டெரோகைலா பொய்சேரி என்று ஒரு நத்தை. சுண்ணாம்பு வெள்ளை, தடித்த ஓடு. கோடை முழுவதும் அது எங்கும் ஏறாமல் வெட்டவெளித் தரையிலேயே கிடக்கும். வருடத்தில் பெரும்பகுதி தூக்கம்தான். ஷ்மிட்-நீல்சன், டெய்லர், ஷ்கோல்னிக் என்ற மூவர் அதன் ஓட்டுக்குள் மெல்லிய வெப்ப உணரிகளைச் செருகி அளந்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்று 43 டிகிரி. வெயில்பட்ட மண் 65. ஓட்டுக்கு அடியில் இருக்கும் மண் 60. ஓட்டின் கடைசிப் பெரிய சுற்றில் 56. நத்தை இருக்கும் மேல்சுற்றுகளில் 50.

இந்த எண்களில்தான் விஷயம் இருக்கிறது. நத்தை தன் ஓட்டின் வாய்ப்பக்கத்துப் பெரிய அறையைக் காலி செய்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிறது. தரைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அறை நிறையக் காற்று மெத்தை. வெள்ளை ஓடு தன்மேல் படும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இவ்வளவு செய்தும் உடம்பு 50 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அந்த நத்தையின் உயிர் எல்லை, எவ்வளவு நேரம் சூட்டில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து, 50க்கும் 55க்கும் நடுவில். மயிரிழையில் தப்பிக்கிறது. தண்ணீர்க் கணக்கு இன்னும் ஆச்சரியம். உடம்பில் இருப்பது சுமார் 1.4 கிராம் தண்ணீர், ஒரு நாளைக்கு இழப்பது அரை மில்லிகிராம். பாதித் தண்ணீர் போக வேண்டுமானால்கூட மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும்.

ஆக, தரையில் கிடக்கும் நெகேவ் நத்தையும் தரையிலிருந்து தப்பிக்கத்தான் பார்க்கிறது. அதன் ஏற்றம் ஒரு சென்டிமீட்டர், ஓட்டுக்குள்ளேயே. தேபா பிசானாவின் ஓடு அவ்வளவு தடிப்பும் இல்லை, எல்லாம் தூய வெள்ளையும் இல்லை. அதற்கு அரை மீட்டர் ஏறியாக வேண்டும்.

ஓட்டின் நிறமும் சும்மா அல்ல. ஒரே கம்பத்தில் பார்த்தீர்களானால் சில வெள்ளை வெளேரென்று இருக்கும், சிலவற்றில் பழுப்புக் கோடுகள் ஓடும். வெயிலில் கோடுள்ளவை சற்று அதிகம் சூடாகும். நிழல் குறைந்த, திறந்த இடங்களில் வெள்ளை வகையின் பங்கு கூடுவதைத் தேபா பிசானாவில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது, எனவே வெயிலே நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்லலாம்.

இனி கூட்டம். இதைப் பற்றிப் பலரும் சொல்கிற விளக்கம், ‘ஒன்றையொன்று குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளத்தான் சேர்கின்றன’ என்பது. எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. இரண்டு சாதாரணக் காரணங்களே கூட்டத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடும் என்பது என் எண்ணம்.

ஒன்று, இடப் பற்றாக்குறை. ஒரு ஏக்கர் வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான நத்தை இருக்கும், நிமிர்ந்து நிற்பதோ நாலு கம்பமும் பத்துக் காய்ந்த தண்டும். எல்லாம் அங்கேதான் போயாக வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம், சளித் தடம். நத்தையின் நடை மிகச் செலவான நடை. நடக்கும் வழி முழுவதும் சளியால் தளம் போட்டுக்கொண்டே போக வேண்டும். மார்க் டென்னி என்ற ஆய்வாளர் 1980இல் கணக்கிட்டுக் காட்டியது, ஓட்டம், நீச்சல், பறத்தல் எல்லாவற்றையும்விட இந்த ஊர்தலுக்கு அதிகச் சக்தி செலவாகிறது, அதில் பெரும்பங்கு சளி உற்பத்திக்கே போகிறது என்பதை. சளி என்றால் பெரும்பாலும் தண்ணீர். கோடையின் தொடக்கத்தில் தண்ணீரைச் சேமிக்க வேண்டிய நேரத்தில் ஒரு மீட்டர் கம்பம் ஏறுவது சாதாரணக் காரியமல்ல. இன்னொரு நத்தை ஏற்கனவே போட்டு வைத்த தடத்தில் போனால் செலவு குறையும். கடற்கரைப் பாறை நத்தைகளில் அளந்து பார்த்ததில், பிறர் தடத்தில் போகும் நத்தை புதிதாக விடும் சளி வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் முதல் நத்தை ஏறிய கம்பத்தில் இரண்டாவது ஏறும், மூன்றாவது ஏறும். பக்கத்துக் கம்பம் காலியாகக் கிடக்க, ஒன்றில் மட்டும் நூறு இருப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. போன கோடையில் நத்தை ஒட்டியிருந்த கம்பத்தில் இந்தக் கோடையிலும் ஒட்டுவதைப் பார்த்தால், அந்தக் கம்பத்துக்கு ஏதோ ராசி என்று தோன்றும்.

சேர்ந்தபின் லாபமும் கிடைக்கத்தான் செய்கிறது. நெருக்கமாக ஒட்டியிருப்பவற்றில் உட்புறம் இருப்பவைக்கு வெயிலும் காற்றும் குறைவாகப் படும், தண்ணீர் இழப்பும் குறையும். ஒன்றின் ஓட்டின்மேல் இன்னொன்று ஒட்டியிருந்தால் கீழே இருப்பதற்கு நிழல். இந்த லாபம் கூட்டத்தைத் தொடங்கி வைத்ததா, தொடங்கிய கூட்டத்தில் தானாகக் கிடைத்ததா என்றால், நான் இரண்டாவதன் பக்கம்தான்.

கடற்கரைப் பாறைகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இதையொட்டியது. புரூனே போன்ற வெப்பமண்டலக் கரைகளில் எக்கினோலிட்டோரினா என்ற குட்டி நத்தைகள், அலை எட்டாத உச்சிப் பாறையில் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி இரண்டு மூன்று அடுக்குக் கோபுரமாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. மேலே நிற்பது கீழே இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதை அளந்திருக்கிறார்கள். ஏற வேறெதுவும் இல்லாத இடத்தில் தோழனையே கம்பமாக்கிக்கொள்வது. சுடும் பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் ‘தரைச் சூடுதான் காரணம்’ என்பதற்கு மிகக் கச்சிதமான நிரூபணத்தைத் தந்தவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், தென் ஆஸ்திரேலியக் கோதுமை, பார்லி விவசாயிகள். அவர்களுக்கு இந்த ஏறும் பழக்கம் பெரிய தலைவலி. அங்கே அறுவடை நவம்பர், டிசம்பரில். நத்தைகள் தரையை விட்டு மேலே ஏறும் காலமும் அதேதான். நிமிர்ந்து நிற்கும் கதிரைவிட நல்ல கம்பம் வேறென்ன வேண்டும்? அறுவடை இயந்திரம் கதிரோடு நத்தையையும் சேர்த்து விழுங்கும். நசுங்கிய நத்தையின் கொழகொழப்பு சல்லடைகளில் அடைத்துக்கொள்ளும். நசுங்காதவை தானியத்தோடு சேர்ந்து போகும், கூம்பு வகையோ பார்லி மணி அளவிலேயே இருப்பதால் சலித்துப் பிரிப்பதும் கஷ்டம். கொள்முதல் நிலையத்தில் நத்தை எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, மீறினால் லாரி திரும்பிவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வைத்தியங்களில் ஒன்று, அறுவடை முடிந்தபின் 35 டிகிரிக்கு மேல் போகும் நாளாகப் பார்த்து, கனமான சங்கிலியையோ இரும்பு வடத்தையோ டிராக்டரில் கட்டி அரிதாளின்மேல் இழுத்துக்கொண்டு போவது. வேறொன்றும் செய்வதில்லை. தாள் சாய்கிறது, நத்தை கீழே விழுகிறது, கொதிக்கும் மண்ணில் கிடந்து சாகிறது. அரை மீட்டர் மேலே இருந்தவரை நூறு நாளும் தாங்கியிருக்கும் அதே நத்தை, கீழே விழுந்த அன்றே போய்விடுகிறது. குளிர்ந்த நாளில் இதைச் செய்தால் வீண்வேலை, இரவுக்குள் திரும்ப ஏறிவிடும். சங்கிலி கற்களையும் புரட்டிவிடுவதால் அடியில் ஒளிந்திருக்கும் கூம்பு வகைகளில் கொஞ்சமும் மாட்டும். அவற்றுக்கென்று ஒட்டுண்ணி ஈ ஒன்றையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 2000களின் தொடக்கத்தில் யார்க் தீபகற்பத்தில் விட்டுப் பார்த்தார்கள். பிறகு மொராக்கோவிலிருந்து இன்னொரு தொகுதி வந்தது.

மத்தியதரைக்கடல் பக்கம் இதே பழக்கம் விருந்தாகிறது. சிசிலியின் பலெர்மோவில் ஜூலை நடுவில் வரும் சாந்தா ரொசாலியா திருவிழாவில் பூண்டும் பார்சிலியும் போட்டு வதக்கிய குட்டி நத்தையைத் தெருவோரத்தில் உறிஞ்சித் தின்பார்கள். தென் ஸ்பெயினில் மே மாதம் பிறந்தாலே மதுக்கடைகளில் நத்தைச் சாறு கொதிக்கும். காய்ந்த தண்டிலிருந்து உருவி எடுக்கும் நத்தைக்கு ஒரு மவுசு உண்டு. அது தின்று பல நாள் ஆகியிருக்கும், குடலில் மண்ணும் இலையும் இருக்காது. பொறுக்குவதும் சுலபம், குனிய வேண்டியதுகூட இல்லை.

நம் ஊர் நத்தைகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. எல்லா நத்தையும் வெயிலுக்கு மேலேதான் ஏறும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நம் குளத்திலும் வயலிலும் இருக்கும் ஆப்பிள் நத்தை நேர்மாறு. தண்ணீர் வற்ற வற்றச் சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு, அடுத்த மழைவரை மண்ணுக்குள் கிடக்கும். கோடையில் குளத்தைத் தூர்வாரும்போது கட்டி மண்ணோடு வெளிப்படுவது அதுதான். அதற்குத் தோண்டச் சேறு இருக்கிறது, அடைக்க மூடி இருக்கிறது, ஏற வேண்டிய அவசியம் இல்லை. மழைக்காலத்தில் சுவரில் ஏறி அருவருப்பூட்டும் பெரிய ஆப்பிரிக்க நத்தையின் கதை வேறு. 1847இல் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்ட இரண்டில் ஆரம்பித்த வம்சம் என்பார்கள் அதை. அது மழையில் சுவர் ஏறுவது நீர்கோத்த மண்ணை விட்டு வெளியேறவும், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சுவரில் சுரண்டவும். வெயில் காலத்தில் அதுவும் வாயை அடைத்துக்கொண்டு மண்ணிலோ இடுக்கிலோ தூங்கிவிடும். ஏறுவது ஒன்றுபோல இருந்தாலும் ஈரமா, வறட்சியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, தோட்டத்து நத்தைகள். செத்ததா, தூங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை எடுத்து ஈரத் துணியில் வைத்துவிட்டுப் போங்கள். உயிர் இருந்தால் சிறிது நேரத்தில் சவ்வை உடைத்துக்கொண்டு கொம்பு நீட்டும். சவ்வே இல்லாமல், லேசாகி, ஆட்டினால் சலசலக்கும் ஓடு காலி ஓடு. பெயர்த்து நிழலில் போட்டால் சாகாது. இன்னொரு கதவு செய்யக் கொஞ்சம் தண்ணீரும் சளியும் செலவழித்துவிட்டு, இரவில் திரும்ப வேறு கம்பத்தில் ஏறிக்கொள்ளும். ஒழிக்கத்தான் வேண்டும் என்றால் வருடத்திலேயே மிகச் சுலபமான காலம் இப்போதுதான், ஒரே இடத்தில் கூடி அசையாமல் இருக்கின்றன. கையுறை போட்டு ஒரு வாளியில் உருவிப் போட்டுவிடலாம், பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இந்த வெயிலில் மருந்து உருண்டை வாங்கித் தூவாதீர்கள். தூங்கும் நத்தை எதையும் தின்னாது, காசுதான் கரையும். மார்ச், ஏப்ரலில் முதல் நல்ல மழை பெய்த இரவில் எல்லாம் இறங்கி வரும், பசியோடு வரும். இறங்கிய சில வாரங்களில் இணைசேர்ந்து மண்ணுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். மருந்து போடுவதானால் அந்த இடைவெளியில், முட்டை விழுவதற்கு முன்னால் போடுங்கள். வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு கலந்த உருண்டையை விட்டுவிட்டு இரும்புச் சத்து உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், மற்றது நாய்க்கு விஷம்.